ஆலை நின்ற மண்

கோயமுத்தூரில் நேரம் தெரிந்து கொள்வதற்கு ஒரு காலத்தில் கடிகாரம் அவசியமாயிருக்கவில்லை. ஆலைச் சங்கு ஊதினால் பீளமேட்டில் அடுப்புப் பற்றும். மறுபடியும் ஊதினால் சிங்காநல்லூரில் தூக்குப்போசி கிளம்பும். 1888-ல் ஸ்டேன்ஸ் துரை முதல் நூற்பாலையை ஆரம்பித்தார். 1910-ல் குப்புசாமி நாயுடு லட்சுமி ஆலையைத் தொடங்கினார். 1932-ல் பைக்காரா மின்சாரம் பிறந்ததும் ஆலைகள் மழைக்காலத்துக் காளான்களைப் போல் பெருகின. 1901-ல் 53,080 ஆக இருந்த ஜனத்தொகை 1941-ல் 1,30,348 ஆயிற்று. ஊர் ஆலையைப் பெற்றதா, ஆலை ஊரைப் பெற்றதா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

இன்று அந்தச் சங்குகளில் பல மௌனமாகிவிட்டன. 1974-ல் தேசிய உடைமையான ஆலைகளின் வரிசையில் வந்த பங்கஜா, ரங்கவிலாஸ், கம்போடியா, முருகன் முதலிய மில்களில் 2020 மார்ச்சில் இயந்திரங்கள் நின்றன. அவிநாசி சாலையில் லட்சுமி மில் வளாகத்தில், பஞ்சு பறந்த இடத்தில் கடைவீதி வந்திருக்கிறது. ஊருக்கு நடுவே ஏக்கர் கணக்கில் கிடக்கும் ஆலை மண்ணை என்ன செய்வது? அதில் அடுக்கு மாடி வீடுகள் கட்டலாமா? கட்டினால் எத்தனை மாடி?

இந்தக் கேள்வியை நம்முடைய நண்பர் ஒருவரிடம் போட்டோம். ராமநாதபுரத்தில் தோட்டம் சூழ்ந்த வீட்டில் வசிப்பவர் அவர். "வேண்டவே வேண்டாம், ஐயா! இப்பொழுதே காரை வாசலுக்கு வெளியே எடுக்க முடியவில்லை. ஆயிரம் குடும்பங்களைக் கொண்டு வந்து குவித்தால் தெரு தாங்குமா? சிறுவாணித் தண்ணீர்தான் தாங்குமா?" என்றார்.

அதே தெருக்கோடியில் ஒரு லைன் வீடு இருக்கிறது. ஆலையில் நூல் பிரிவில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவரிடமும் கேட்டோம். அவர் சிரித்துக் கொண்டே, "ஏனுங்க, பத்துக் குடும்பத்துக்கு ஒரே கொழாயில நாங்க அம்பது வருசம் இருந்தமே, அது நெருக்கமில்லீங்களா? அப்ப ஆரும் கேக்கலீங்க. மாடி எத்தனை வேணாலும் கட்டட்டுங்க. எம் பேரனுக்கு அதுல ஒரு ரூமு வாடகைக்குக் கெடைக்குமா, அதைச் சொல்லுங்க" என்றார்.

நண்பருக்குப் பதில் சொல்வது சுலபம். ஊருக்குள் நெருக்கமாகக் கட்டாவிட்டால் ஜனங்கள் மறைந்து விடுவதில்லை. ஊருக்கு வெளியே போகிறார்கள். தென்னந்தோப்பும் சோளக்காடும் மனைகளாகின்றன. குளக்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைகளுக்குக் கீரணத்தத்திலும் மலுமிச்சம்பட்டியிலும் வீடு கொடுத்தார்கள். கூரை கிடைத்தது, ஆனால் பிழைப்புக்கு ஊருக்குள் வர பஸ் ஏற வேண்டியிருக்கிறது. ஆகவே நெருக்கம் பாவமல்ல என்பதே நமது அபிப்பிராயம்.

அதற்கு அளவு உண்டு. அந்த அளவுக்குத் 'தளப் பரப்புக் குறியீடு' என்று பெயர். பத்து சென்ட் நிலம் 4,356 சதுர அடி. குறியீடு 2 என்றால் எல்லா மாடிகளும் சேர்ந்து 8,712 சதுர அடி கட்டலாம். 2019-ஆம் வருஷத்திய தமிழ்நாடு ஒருங்கிணைந்த விதிகள் சாதாரணக் கட்டடத்துக்கு 2 என்றும், 18 மீட்டர் அகலமுள்ள சாலையில் எழும் உயர் மாடிக் கட்டடத்துக்கு 3.25 வரையிலும் என்றும் வைத்தன. சாலை அகலத்தை அனுசரித்தே மாடி உயர வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு. நண்பரின் பயத்துக்கு அதிலேயே மருந்து இருக்கிறது.

பெரியவரின் கேள்விக்குத்தான் எந்த விதியும் சுலபமாகப் பதில் சொல்லவில்லை. பம்பாயைப் பாருங்கள். அங்கே 1991-ல் ஒரு விதி செய்தார்கள். ஆலை நிலத்தில் புதிதாகக் கட்டுவதானால் ஏறக்குறைய மூன்று பங்கு: ஒன்று ஊரின் திறந்த வெளிக்கு, ஒன்று பொது வீட்டு வசதிக்கு, ஒன்று சொந்தக்காரருக்கு. 2001-ல் அந்த விதியைத் திருத்தினார்கள். கட்டடம் இல்லாத காலி இடத்தை மட்டும் பங்கிட்டால் போதும் என்றார்கள். ஆலை நிலத்தில் காலி இடம் எவ்வளவு இருக்கும்? 2006-ல் சுப்ரீம் கோர்ட்டும் அத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. கோபுரம் போன்ற மாளிகைகள் எழுந்தன. தறி ஓட்டியவர்களின் பங்கு சுருங்கிப் போயிற்று. ஒரு வாக்கியத்தின் திருத்தம் ஒரு நகரத்தின் தலைவிதியை மாற்றிவிட்டது!

நம்மூரில் 1994-ல் வந்த பெருந்திட்டத்தை வைத்தே முப்பது வருஷம் ஓட்டினோம்; அடுத்ததன் வரைவு 2024-ல்தான் ஜனங்களின் பார்வைக்கு வந்தது. 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி மன்றமே இல்லை. இன்று நூறு வார்டுகள் இருக்கின்றன. தொழிற்சாலை நிலத்தைக் குடியிருப்பு நிலமாக மாற்றும் கடைசி உத்தரவு நகர ஊரமைப்புத் துறையின் வழியாகவே வருகிறது; மன்றத்தின் கையில் இல்லை. ஆயினும் விக்டோரியா ஹாலில் எழுந்து நின்று கேள்வி கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

வாசகர்கள் தங்கள் வார்டு உறுப்பினரைக் காணும்போது மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். மாடி உயர்வதற்கு முன் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் சாலையும் வருமா? விதிப்படி விட வேண்டிய திறந்த வெளி, குழந்தைகள் ஓடி விளையாடும் இடமாக இருக்குமா, சுவரோரத் துண்டாக இருக்குமா? வீடுகளில் எத்தனை, மாதச் சம்பளக்காரனும் கூலிக்காரனும் வாடகை கொடுத்துக் குடியிருக்கக் கூடியவை?

மூன்றாவது கேள்விக்குப் பதில் எண்ணிக்கையில் வர வேண்டும்; "ஆவன செய்யப்படும்" என்று வந்தால் ஒப்புக் கொள்ளக் கூடாது. அந்த மண்ணில் நான்கு தலைமுறையின் வியர்வை கலந்திருக்கிறது. அங்கே எழும் வீடுகளில் அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு வாசல் இருப்பதுதான் நியாயம்.