கனகம்மாசத்திரத்தில் குடித்தனம்

சென்னையிலிருந்து பஸ்ஸில் திருப்பதி போயிருக்கும் சகோதரிகள் அத்தனை பேரும் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். ஆனால் ஞாபகம் இருக்காது. திருவள்ளூர் கடந்ததும் கண்ணைச் சொருகும். மறுபடி விழித்துப் பார்த்தால் திருத்தணி மலை தெரியும். அந்தத் தூக்கத்துக்கு நடுவே வருகிற கடைத்தெருதான் கனகம்மாசத்திரம். டீக்கடைகள், பூக்கடை, பழ வண்டிகள், ஓரமாக என் கணவரின் எலெக்ட்ரிக் சாமான் கடை. எல்லா பஸ்ஸும் இங்கே நிற்காது. கண்டக்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டு ஏற வேண்டும்.

ஊருக்குப் பெயர் ஒரு பெண்ணின் பெயர். எனக்கு அதில் ஒரு பெருமை, ஏன் பொய் சொல்ல வேண்டும்! சுங்குவார்சத்திரம், பாலுசெட்டிசத்திரம் என்று சாலைகளை ஒட்டி வேறு சத்திரத்து ஊர்களும் நம் பக்கத்தில் இருக்கின்றன. கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் யாத்திரை போன காலத்தில் ஒரு வேளைச் சோறும், படுக்கத் திண்ணையும், குடிக்க நல்ல தண்ணீரும் கொடுத்த இடங்கள் அவை. நான் பிறந்து வளர்ந்தது பட்டுக்கோட்டை. தஞ்சாவூர் போகிற வழியில் ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் முத்தாம்பாள் பெயரில் கட்டிய பெரிய சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே போவோம். ஒரு சத்திரத்துப் பெண்மணியின் ஊர்ப் பக்கமிருந்து இன்னொரு சத்திரத்துப் பெண்மணியின் ஊருக்கு வாழ்க்கைப்பட்டேன் என்று என் கணவர் கேலி செய்வார்.

சத்திரம் போனாலும் யாத்திரை நிற்கவில்லை. புரட்டாசி பிறந்துவிட்டால் போதும், மஞ்சள் துணி உடுத்தி, ‘கோவிந்தா கோவிந்தா’ என்று கூட்டம் கூட்டமாகச் சாலையோரம் நடந்து போவார்கள். சென்னைக்கும் திருப்பதிக்கும் நாங்கள் ஏறக்குறைய நட்டநடு. ஆகையால் இங்கே வரும்போது அவர்கள் கால் நன்றாகக் கொப்பளித்திருக்கும். வாசலில் ஒரு பானை நீர்மோர் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு. உப்பு கொஞ்சம் தூக்கலாகவே போடுவேன். வியர்வையில் உப்பு போய்விடுவதால் வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்தால் களைப்பு தீராது. நடக்கிற எண்ணமுள்ள சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். பழகின செருப்பும் பருத்திச் சாக்ஸும் போதும். கொப்பளத்தை ஊசியால் குத்தவே கூடாது. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் ராத்திரி படுக்கும்முன் உள்ளங்காலை யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புண் இருந்தாலும் அவர்களுக்கு வலி தெரியாமல் போகலாம்.

இங்கிருந்து தக்கோலம் போகிற சாலையில் போனால் திருவாலங்காடு. நடராஜரின் ஐந்து சபைகளில் இது ரத்தின சபை. காளியோடு போட்டியிட்டு ஸ்வாமி காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடிய இடம் என்பார்கள். எனக்கென்னவோ அந்தக் கோயிலில் நடராஜரைவிடக் காரைக்கால் அம்மையாரைத்தான் அதிக நேரம் பார்க்கத் தோன்றும். அழகும் இளமையும் வேண்டாம், பேய் வடிவம் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, கயிலைக்குத் தலையாலேயே நடந்து போனவர். அங்கே ஸ்வாமியே ‘அம்மையே’ என்று கூப்பிட்டாராம். அதன் பிறகு அவர் வந்து சேர்ந்தது இந்த ஆலங்காட்டுக்கு. அடுத்தாற்போல் பழையனூர். நீலி கதை நடந்த ஊர். சொன்ன வார்த்தைக்காக எழுபது வேளாளர் தீயில் இறங்கினார்கள் என்று சொல்லும் கதை அது. ராஜேந்திர சோழன் அந்தப் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்வதுதான் புகழ்பெற்ற திருவாலங்காட்டுச் செப்பேடு.

எங்கள் வீட்டில் எல்லாக் காரியத்துக்கும் பெரிய கோயில் என்றால் திருத்தணிதான். சூரனை வதம் செய்த கோபம் தணிந்து முருகன் அமர்ந்த இடம் என்பதால் கந்த சஷ்டிக்கு இங்கே சூரசம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலிதான். மலைக்கு 365 படி. வருஷத்து நாளுக்கு ஒரு படி என்று கணக்கு. டிசம்பர் 31 ராத்திரி படிக்குப் படி பாட்டுப் பாடி ஏறும் திருப்படித் திருவிழா நடக்கும். ஆடிக் கிருத்திகையன்று காவடிக் கூட்டத்தில் கைக்குழந்தையோடு போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சாதாரண நாளில் விடியற்காலையில் ஏறுங்கள். முட்டி வலி உள்ளவர்களுக்கு வண்டி மேலேயே போகிறது.

என் மாமியார் பிறந்த ஊரும் திருத்தணிதான். அவர் 1949-ல் பிறந்தபோது அது சென்னை மாகாணம், சித்தூர் ஜில்லா. நாலு வயதில், 1953 அக்டோபரில், ஆந்திர மாநிலம் பிரிந்தது. சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி. முதலானவர்கள் நடத்திய எல்லைப் போராட்டமெல்லாம் நடந்து, 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தது. திருப்பதி அங்கேயே நின்றுவிட்டது. பிறகு செங்கல்பட்டு ஜில்லா, 1997 முதல் திருவள்ளூர். ‘நான் திண்ணையை விட்டு நகரலே, கவர்ன்மெண்டுதான் நகர்ந்துக்கிட்டே இருந்தது’ என்பார்.

இதில் அவருக்கு நேர்ந்தது ஒன்று உண்டு. வீட்டில் பேசியது தமிழ். பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது தெலுங்கு. ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தபோது அவர் பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருந்தார். ஆகவே இன்று வரை அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தது தெலுங்கு மட்டும்தான். ரேஷன் கார்டு, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் நாங்கள் படித்துச் சொல்ல வேண்டும். பஸ் போர்டைக்கூட, ஆந்திரா பஸ்ஸாக இருந்தால்தான் அவரே படிப்பார். பெருமையோடு உரக்கப் படிப்பார்!

அவருக்குச் சர்க்கரை வியாதி. கிருத்திகைக்குக் கிருத்திகை தரிசனம் ஆகும்வரை பச்சைத் தண்ணீர் படாது என்று பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்தார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னார். நான் சொன்னால் ஏறாது. பேத்தி சொன்னால் ஏறியது. இப்போது கிருத்திகையன்று காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, பூண்டு வெங்காயம் இல்லாமல் சமைப்பதோடு விரதத்தை நிறுத்திக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பேத்தி, என் பெரியவள், சென்ற வருஷம் பி.எஸ்ஸி. முடித்தாள். மேலே மனையியல் படிக்க வேண்டும், அதுவும் திருப்பதி பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தில்தான் என்றாள். என்.டி. ராமராவ் முதலமைச்சராக இருந்தபோது 1983-ல் தொடங்கியது அது. பெண்களுக்கென்றே உள்ள பல்கலைக்கழகம். இவருக்குத் துளியும் பிடிக்கவில்லை. ‘சென்னையிலே என் தங்கை வீடு இருக்கு, சாப்பாட்டுக் கவலை இல்லை. வேறே ஸ்டேட்டுக்கு எதுக்கு?’ என்றார். ஹாஸ்டல் செலவு ஒரு பக்கம். கடை வரும்படியில் சின்னவன் பள்ளிக்கூடச் சம்பளமே இழுத்துப் பிடித்துத்தான் கட்டுகிறோம்.

பெண் விடவில்லை. ‘நாய்னா, ராதாகிருஷ்ணன் எங்கே பொறந்தார்?’ என்று ஆரம்பித்தாள். 1888-ல் திருத்தணியில் பிறந்து, சிறுவனாகத் திருப்பதிக்குப் படிக்கப் போய், பிறகு வேலூர், சென்னை என்று போய் ஜனாதிபதி வரை உயர்ந்தவரல்லவா! இவர் பதில் சொல்லாமல் கடைக்குக் கிளம்பிவிட்டார். நாலு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை உப்பில்லாமல் நடந்தது.

எனக்கு எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். தெரிந்தது. பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு ராத்திரிப் பயணத்தில் இங்கே வந்தபோது எனக்கு இருபது வயது. எஸ்.எஸ்.எல்.ஸி.க்கு மேலே படிக்கிறாயா என்று என்னை யாரும் கேட்டதில்லை. அவ்வளவு தூரம் போகிறாயே, பயமாக இருக்கிறதா என்றும் கேட்டதில்லை. கல்யாணம் என்றால் தூரம் தூரமாகத் தெரிவதில்லை. படிப்பு என்றால்தான் எண்பது மைல்கல்லும் கண்ணுக்குத் தெரிகிறது. இதை இவரிடம் சோறு போடும்போது சொன்னேன். சத்தம் போடவில்லை, அழவுமில்லை. என் இரண்டு வளையலை வைத்து முதல் வருஷத்து ஹாஸ்டல் பணம் கட்டலாம் என்பதையும் சொன்னேன். மாமியார் கூடத்திலிருந்து, ‘போகட்டும்டா, திருப்பதி என்ன சீமையா? எங்க ஜில்லாதானே’ என்றார். அவருக்கு அது இன்னும் ஒரே ஜில்லா!

நுழைவுத் தேர்வு எழுதினாள், இடமும் கிடைத்தது. கொண்டு விட நாங்கள் மூன்று பேர் போனோம். திருத்தணிக்கு அப்புறம் நகரி மலை வரும். சிகரம் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் காட்டிக்கொண்டே வந்த மாமியார், எல்லை தாண்டியதும் ஒவ்வொரு கடைப் பலகையாகப் படிக்க ஆரம்பித்தார். துணிக்கடை, மருந்துக்கடை, பள்ளிக்கூடம். புத்தூர் வந்ததும் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் இடத்தின் போர்டையும் விடவில்லை. எங்களுக்கு எதுவும் புரியவில்லை. இவர் முதல் முறையாகத் தன் அம்மாவிடம், ‘அது என்னம்மா போட்டிருக்கு?’ என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

பெண்ணுக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. ஊரில் இருந்த கடைசி இரண்டு மாதம் பாட்டியிடம் ஸ்லேட்டில் எழுத்துப் படித்தாள். இப்போது வாரக் கடைசியில் வந்தால் ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறுகிறாள். வராத வாரத்தில் எனக்குப் போன் வரும். அவ்வாவுக்கு மட்டும் கார்டில் தெலுங்கில் எழுதுகிறாள். எழுபது வயதுக்கு மேல் ஆன அம்மாளுக்கு, தானே படிக்கத் தபாலில் கடிதம் வருகிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, விரலை வைத்து இரண்டு தரம் படிப்பார். என்ன எழுதியிருக்கிறாள் அத்தை என்று கேட்டால், கார்டை மடியில் செருகிக்கொண்டு, ‘உனக்கு ஒண்ணும் எழுதலே’ என்பார்.