உம்மும்மாவுக்குச் சொன்ன கதை

சாச்சியின் (உம்மாவின் தங்கையின்) மகனான தம்பியை நான் இரண்டு வருடம் விடாமல் சிறுமைப்படுத்தினேன். நருட்டோ என்கிற ஜப்பானிய அனிமேத் தொடரைத் தமிழில் பார்த்தான் என்பதுதான் அவன் செய்த குற்றம்.

கற்பிட்டி ஆலங்குடாவில் எங்கள் வீடும் சாச்சி வீடும் ஒரே வளவு. இரவானால் பொடியன்கள் ஐந்தாறு பேர் என் அறைக்கு வருவார்கள். நருட்டோவின் 220 எபிசோடும் அதன் தொடர்ச்சியான ஷிப்புடெனின் 500 எபிசோடும் என் லேப்டொப்பில் இருந்தன. எல்லாம் ஜப்பானியக் குரல், ஆங்கில சப்டைட்டில். 2022இல் இந்தியத் தொலைக்காட்சியில் நருட்டோ தமிழில் வரத் தொடங்கியதும் தம்பி அதைப் போனில் போட்டுக்கொண்டு வந்தான். "நானா, இதப் பாருங்களேன், நல்லா இரிக்கி." நான் பத்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "இது படத்துக்கு மேல ஒட்டின குரல். இது அனிமேயே இல்ல" என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அவன் வாய் திறந்தால் நான் பரீட்சை வைத்தேன். வன் பீஸில் லூஃபிக்குக் குரல் கொடுக்கிறது யார்? மயூமி தனாகா, ஒரு பெண். கோக்குவுக்கு? 1986 முதல் மசாக்கோ நொசாவா, அவரும் பெண்தான். இது தெரியாதவனுக்கு என்ன ரசனை என்று கேட்டேன். வன் பீஸா நருட்டோவா என்று தொடங்கிய பேச்சைக்கூட அவனுடைய தமிழ்க் குரலில் கொண்டுபோய் முடித்தேன்.

ஒருநாள் தனியாக இருந்தபோது சொன்னான்: "நானா, அந்த எழுத்து ஓடுற வேகத்துக்கு எனக்கு வாசிக்க ஏலாது." ஓ.எல். எழுதியதோடு படிப்பை விட்டுப் படகுக்குப் போனவன். என்னை நம்பிச் சொன்னான். அடுத்த இரவே அதை எல்லோர் முன்னாலும் எடுத்துச் சொன்னேன். பொடியன்களுக்குள் நடக்கிற சண்டை என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அனிமேயைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று நினைத்திருந்தேன். உண்மையில் எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதைத்தான் ஒவ்வொரு இரவும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உம்மும்மா, உம்மாவின் தாய், மன்னார்த் தீவுக்காரி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, பிள்ளைகளோடு வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக் கரைக்கு வந்தவர். ஒரு மழை இரவு நான் 'மின்மினிகளின் கல்லறை' பார்த்துக்கொண்டிருந்தேன். 1988இல் இசாவோ தகஹாதா எடுத்த படம். 1945இல் கோபே நகரம் குண்டுவீச்சில் எரிந்த பிறகு ஒரு அண்ணனும் அவனுடைய நாலு வயதுத் தங்கை செட்சுக்கோவும் பசியோடு அலைகிற கதை. உம்மும்மா வாசலில் நின்று, "அந்தப் புள்ள என்ன சொல்லுதுடா?" என்றார். சொன்னேன். பாயில் உட்கார்ந்துவிட்டார். படம் முடியும்வரை ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். செட்சுக்கோ பேசும்போது என்னையறியாமல் என் குரலும் சின்னதாகிவிட்டது.

இனிப்பு முடிந்த டப்பாவில் அண்ணன் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிற இடத்தில் உம்மும்மா என் தோளுக்கு மேலால் பார்த்து, "ஒன்ட உம்மாக்கும் நான் பால்மாப் பேணியக் கழுவித்தான் குடுத்தன்" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று திரும்பினேன். தம்பி கதவோரம் இருந்தான். எப்போது வந்தான் என்று தெரியாது. அவனும் அந்தப் படத்தை என் வாயால்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜப்பானிலும் பெரும்பாலும் படத்தை வரைந்த பிறகுதான் நடிகர்கள் வந்து குரல் கொடுக்கிறார்கள் என்று பின்னால் வாசித்தேன். நான் அசல் அசல் என்று தலையில் வைத்திருந்ததும் மேலே ஒட்டின குரல்தான். செட்சுக்கோவுக்குப் பேசியது சின்னஞ்சிறு பிள்ளை என்பதால் அவளுடைய குரலை மட்டும் முதலில் பதிந்துவிட்டு அதற்கேற்பப் படம் வரைந்தார்களாம். இதையெல்லாம் ஓடிப்போய்த் தம்பியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வாரமும் பொடியன்கள் கூடியபோது பழைய பேச்சையே பேசினேன். அதன் பிறகு அவன் என் அறைக்கு வரவில்லை.

இப்போது நவம்பரிலிருந்து மார்ச் வரை டொல்பின் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களைப் படகில் கூட்டிப்போகிறான். போன வெள்ளி அஸர் தொழுகைக்குப் பிறகு கரையில் படகு நிழலில் தனியாக இருந்தான். போனில் நருட்டோ தமிழில் பேசுவது எனக்குக் கேட்டது. பக்கத்தில் போய், "எத்தனாவது எபிசோட்?" என்றேன்.

போனைக் கவிழ்த்து மடியில் வைத்தான்.

"சும்மா நானா" என்றான்.