ஒரு முழு நிமிஷம்

செகண்ட் முள் இல்லாத வாட்ச் கட்டிக்கொண்டு வார்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்பது எங்கள் நர்சிங் டியூட்டர் போட்ட முதல் சட்டம். 1984-ல் பெண்களுக்கென்று விற்ற வாட்சுகள் பலவற்றில் அந்த முள்ளே கிடையாது. புளியங்கொட்டை அளவு டயல், கொலுசு மாதிரி ஒரு பட்டை. மணி பார்க்கலாம், நாடி பார்க்க முடியாது. அப்பா தன் கையில் இருந்த எச்.எம்.டி.யைக் கழற்றிக் கொடுத்தார். தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டிய வாட்ச். என் கையில் அது முழங்கை வரைக்கும் சறுக்கிக்கொண்டு போகும். கோணி ஊசியைக் காய்ச்சித் தோல் பட்டையில் இரண்டு ஓட்டை கூடுதலாகப் போட்டுக்கொண்டேன்.

தெற்குச் சீமையில் ஓர் அரசு ஆஸ்பத்திரி. பெண்கள் மெடிக்கல் வார்டில் கட்டிலில் நாற்பது பேர், தரையில் பாய் விரித்து மேலும் பத்துப் பன்னிரண்டு பேர். காலை ஆறு மணிக்கு டி.பி.ஆர். எடுக்க வேண்டும்: சூடு, நாடி, மூச்சு. அடியில் பஞ்சு வைத்த கண்ணாடிக் குவளையில் மருந்துத் தண்ணீருக்குள் தெர்மாமீட்டர் நிற்கும். எடுத்துத் துடைத்து, மணிக்கட்டைச் சொடுக்கி 95-க்குக் கீழே பாதரசத்தை இறக்குவது ஒரு வித்தை. முதல் வாரத்தில் கட்டில் கம்பியில் தட்டி ஒன்றை உடைத்தேன். காசு நான்தான் கட்டினேன். தரையில் உருண்ட பாதரசத்தை இரண்டு சீட்டுத்துண்டால் துரத்திப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து விளையாடினோம். நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

மூச்சை எண்ணுவதில்தான் சூட்சுமம். “உங்க மூச்சை எண்ணப் போறேன்” என்றால் அந்த நொடியே மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்த்த கையை விடாமல், இன்னும் நாடிதான் பார்க்கிற பாவனையில், கண்ணை மட்டும் நெஞ்சுக்குக் கொண்டு போக வேண்டும். ஆக, ஒரு ஆளுக்கு இரண்டு முழு நிமிஷம். ஐம்பது பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாங்களும் போட்டுப் பார்த்தோம். விளைவு, சார்ட்டில் எல்லோருக்கும் 20. அந்த வார்டே சேர்ந்திசை மாதிரி ஒரே கணக்கில் மூச்சு விட்டது.

டியூட்டர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். நெஞ்சைத் தட்டிப் பார்க்கும் பாடத்துக்கு ஒரு மண்பானையில் பாதி தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். இடது நடுவிரலைப் பானையில் பதித்து வலது நடுவிரலால் அதன்மேல் தட்டச் சொன்னார். தண்ணீர் இல்லாத இடத்தில் ‘டொம்’, தண்ணீர் இருக்கும் இடத்தில் ‘தப்’. கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் எதுவரை என்று சொல்ல வேண்டும். 1761-ல் இந்த முறையை எழுதிவைத்த ஆஸ்திரிய டாக்டர் அவென்புருக்கர் விடுதிக்காரர் மகனாம். அப்பா ஒயின் பீப்பாயைத் தட்டிப் பார்ப்பதைக் கண்டு வந்த யோசனை என்பார்கள். “தேங்கா வாங்கத் தெரிஞ்சவளுக்கு இது தெரியாதா?” என்பார் டியூட்டர். வயிற்றுக்கு மட்டும் வரிசை வேறு. முதலில் பார், பிறகு கேள், அப்புறம்தான் தட்டு, கடைசியில் தொடு. கையை முதலில் வைத்துவிட்டால் குடலின் சத்தம் மாறிவிடும்.

பதினேழாம் கட்டில் அக்காவுக்கு இதய வால்வு சுருக்கம். சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் விட்டுப்போனது. நாடி தாறுமாறாக ஓடும். அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு பேர் சேர்ந்து எண்ண வேண்டும். ஒருத்தி ஸ்டெதஸ்கோப்பை இதயத்தின் முனையில் வைப்பாள், இன்னொருத்தி மணிக்கட்டைப் பிடிப்பாள். வாட்ச் ஒன்றுதான். “ஆரம்பி” என்றதும் இரண்டு பேர் உதடும் சத்தமில்லாமல் அசையும். இதயத்தில் 118, கையில் 92. ரத்தம் நிரம்புமுன் அவசரப்பட்டுச் சுருங்கும் துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்து சேராது. அந்த 26-ஐச் சிவப்பு மையில் எழுதுவோம். துடிப்பை அடக்க டிஜாக்சின் மாத்திரை. அறுபதுக்குக் கீழே போயிருந்தால் கொடுக்காதே, டாக்டரைக் கூப்பிடு என்பது கட்டளை.

ஒரு நாள் காலையில் அந்த அக்கா சொன்னார்: “தாயீ, ரெண்டு நாளா சோறு எறங்கல. பாக்கதெல்லாம் மஞ்சளாத் தெரியுது.” நான் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், காமாலை இல்லை. அண்ணாந்து பார்த்தேன். நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு, மஞ்சள் காவி அடித்த சுவர். “வார்டே மஞ்சள்தானேக்கா” என்று சிரித்துவிட்டு, கூட்டம் அதிகம் என்பதால் முந்தின நாள் சார்ட்டைப் பார்த்து 76 என்று எழுதிவிட்டு நகர்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் டியூட்டர் வந்தார். சார்ட்டைப் பார்த்தார், அக்காவின் கையைப் பிடித்தார். ஒரு முழு நிமிஷம். கையை விடாமல் இன்னொரு நிமிஷம். “என்னட்டி எழுதியிருக்க? நாப்பத்தெட்டு. அதுவும் ஒழுங்கா அடிக்கி. இத்தன நாளும் தாறுமாறா ஓடுனது இப்ப ஒழுங்கா அடிக்குன்னா அதுதான்டி பயம்.” மாத்திரை தட்டில் இருந்தது. அக்கா என்ன சொன்னார் என்று கேட்டார். மஞ்சள் கதையைச் சொன்னேன். பசியின்மை, மஞ்சள் பார்வை, குறைந்த நாடி. மருந்து உடம்பில் மிஞ்சிப்போனதற்குப் பாடப் புத்தகத்தில் உள்ள மூன்று அடையாளங்களும் என் முன்னால் உட்கார்ந்து பேசியிருக்கின்றன. டாக்டர் ஓடிவந்தார், ஈ.சி.ஜி. எடுத்தார்கள், மாத்திரையை நிறுத்தினார்கள். நாலைந்து நாளில் அக்கா பழைய சோறு கேட்டுச் சண்டை போட்டார்.

என்மேல் புகார் எழுதவில்லை டியூட்டர். ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரு மாதம் நோயாளிகள் சொல்வதை அவர்கள் வாய்மொழியிலேயே எழுதச் சொன்னார். இங்கிலீஷ் கூடாது. “நோய்க்குப் பேரு வைக்கிறது டாக்டர் வேலை. அந்த நோயோட இவ என்ன பாடு படுதாங்கிறது நம்ம வேலை.” நர்சிங் டயக்னோசிஸ் என்ற சொல் பின்னால்தான் எங்கள் பாடத்தில் வந்தது, சங்கதி இதுதான். “பஞ்சு மேல நடக்க மாதிரி இருக்கு” என்றார் ஒரு சர்க்கரை நோய்க்காரப் பாட்டி. “நெஞ்சுக்குள்ள எலி ஓடுது” என்றாள் ஒரு சின்னப் பெண். “வாய்வுக் குத்துதான், ஒரு சோடா குடிச்சாச் சரியாப் போவும்” என்றவருக்கு மாரடைப்பு. நோட்டு நிரம்பியது. எந்த வீடு மாறும்போது தொலைத்தேன் என்று நினைவில்லை.

பாதரசம் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. 2013-ல் மினமாட்டா ஒப்பந்தம் வந்த பிறகு தெர்மாமீட்டரும் பி.பி. ஆப்பரேட்டஸும் மெல்ல மெல்ல மாறின. நல்லதுதான், அது விஷம்.

போன வருஷம் காய்ச்சலில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பத்தொன்பது வயது இருக்கும், மாணவி ஒருத்தி வந்து விரலில் கிளிப் மாட்டினாள். மெஷின் காட்டியதை எழுதினாள். மூச்சுக் கட்டத்துக்கு வந்ததும் பேனா லேசாகத் தயங்கியது. நெஞ்சைப் பார்ப்பாள் என்று நானும் ஒழுங்காக மூச்சு விட்டேன். 20 என்று போட்டுவிட்டாள். திட்ட வாய் வரவில்லை.

“வேற ஏதாச்சும் செய்யுதா பாட்டி?”

“வாயெல்லாம் வேப்பங்காயைக் கடிச்ச மாதிரி கெடக்கும்மா.”

சிரித்தாள். குனிந்து சார்ட்டில் இன்னும் ஏதோ எழுதினாள். கண்ணாடி தலைமாட்டில் இருந்தது. எடுத்துப் போடுவதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.