ஃபேட்டல் எண்டா மவுத்தா டீச்சர்?

போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஒரு பிள்ளை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்ஸுக்காகக் காத்திருப்பவள். கையில் உம்மாவின் போன். ஸலாம் சொன்னாள், உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சர், ஃபேட்டல் எண்டா மவுத்தா?"

எனக்கு நெஞ்சு திக்கென்றது. யாருக்காவது வருத்தமோ, ஆஸ்பத்திரித் துண்டைக் காட்ட வந்திருக்கிறாளோ என்றுதான் நினைத்தேன். போனை வாங்கிப் பார்த்தால் பஸ்கால்! தம்பியின் பதினோராம் தர ஐ.சி.டி. பாடநூலில் இருந்த ஒரு செய்நிரலை, போனிலேயே ஓட வைக்கிற ஒரு இணையப் பக்கத்தில் தட்டியிருக்கிறாள். கீழே இப்படி வந்திருந்தது: "ஃபேட்டல்: சின்டெக்ஸ் எரர், செமிகோலன் எக்ஸ்பெக்டட் பட் ஐடென்டிஃபையர் ரைட்எல்என் ஃபவுண்ட்." அதற்கும் கீழே, "கொம்பைலேஷன் அபோர்டட்."

"கொம்பியூட்டர் ஏசுது டீச்சர். அகராதியில பாத்தேன். மற்றச் சொல்லுக்கு வந்த கருத்தக் கேக்க வெக்கமா இரிக்கி."

அபோர்ட் என்ற சொல்லுக்கு அகராதி முதலில் என்ன கருத்துத் தரும் என்று தெரிந்தவர்களுக்கு அவளுடைய வெட்கம் விளங்கும். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். ஆனால் சிரித்து முடிந்த பிறகு எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது. காரணத்தைச் சொல்கிறேன்.

இந்தப் பிள்ளை ஐ.சி.டி. படித்தவள் இல்லை. ஒன்பதாம் தரம் முடிந்து மூன்றாம் தொகுதிப் பாடம் தெரிவு செய்கிற நேரம் ஐ.சி.டி. எடுக்க வேண்டுமென்று என்னிடம்தான் வந்தாள். நான் அவளுடைய ஆங்கிலப் புள்ளியைப் பார்த்தேன். "மகள், அது முழுக்க இங்கிலீஷ். உங்களுக்குக் கஷ்டம். மனைப் பொருளியல் எடுங்க, நல்ல ரிசல்ட் வரும்" என்றேன். மனைப் பொருளியல் குறைந்த பாடம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவள் கேட்டது அதையல்ல. நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். அவளுக்கு மட்டுமல்ல, எத்தனையோ பிள்ளைகளுக்கு அதையே சொல்லியிருக்கிறேன்.

இதில் பெரிய வெட்கக்கேடு என்னவென்றால், நானே அந்தச் சொற்களை விளங்காமல் பாஸான ஆள். கல்வியியற் கல்லூரியில் படிக்கிற காலம் செய்நிரல்களை யாஸீன் ஸூரா மனனமிட்ட மாதிரி வரிவரியாக மனனமிட்டேன். ஸ்ட்ரிங் என்றால் எனக்கு நூல். பாடநூல் 'சரம்' என்றது. எழுத்துகளைப் பூ மாதிரி வரிசையாகக் கோத்தால் சரம், அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ரிட்டர்ன் என்றால் கொழும்புக்குப் போய்வருகிற டிக்கட். ஃப்ளோட் என்றால் மிதப்பது, அது ஏன் தசம எண்ணுக்குப் பெயராக வந்தது என்று நான் யோசித்ததே இல்லை. புள்ளி ஓரிடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் நகரக்கூடியது, அதனால் மிதக்கும் புள்ளி. இதை நான் அறிந்துகொண்டது படிப்பிக்கத் தொடங்கி நாலு வருசத்துக்குப் பிறகு.

இங்கிலீஷ் தெரிந்த பிள்ளைக்கு இதெல்லாம் லேசு என்றும் நினைத்துவிட வேண்டாம். பைதனில் 'பாஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு பாஸ் என்றால் பரீட்சையில் சித்தி. பைதனுக்கோ, 'இந்த இடத்தில் ஒன்றும் செய்யாதே, தாண்டிப் போ'. ஆங்கிலத்தில் தொண்ணூறு எடுத்த பிள்ளையும் அங்கே தடுக்கி விழும். இது வேறொரு இங்கிலீஷ். சொற்கள் குறைவு, ஒவ்வொன்றுக்கும் வேலை ஒன்றே ஒன்று. பைதன் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் சொற்கள் மொத்தம் 35 தான். பாடசாலை மட்டத்துக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. பஸ்காலை 1970இல் வெளியிட்ட நிக்லாஸ் விர்த்தும் ஒரு பேராசிரியர்தான், மாணவர்களுக்குப் படிப்பிக்க உதவ வேண்டும் என்றுதான் அதை உருவாக்கினார். அப்படிப்பட்ட மொழியைக் காட்டித்தான் நான் பிள்ளைகளை வெருட்டி வைத்திருந்தேன்.

சொல்லைவிட வசன அமைப்புத்தான் நம் பிள்ளைகளை அதிகம் சுற்ற வைக்கிறது என்பது என் அனுபவம். "சோறு வேகும் வரை அடுப்பை எரிய விடு" என்கிறோம். நிபந்தனை முன்னால், வேலை பின்னால். பஸ்காலின் 'ரிப்பீட் அன்டில்' அப்படியே தலைகீழ். முதலில் அடுப்பை எரி, கடைசியில்தான் சோறு வெந்ததா என்று பார். 'வைல்' எழுதினால் நிபந்தனை முன்னுக்கு வரும், ஆனால் அதையே மறுத்துச் சொல்ல வேண்டும்: "சோறு வேகாமல் இருக்கும் மட்டும் எரி." இரண்டும் ஒரே சோறுதான். இந்த வித்தியாசத்தை நான் பாய்ச்சற் கோட்டுப்படம் கீறிக் கீறி விளங்கப்படுத்தியும் விளங்காத பிள்ளைகள் உண்டு. மனைப் பொருளியல் படித்த இந்தப் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை சோற்றுப் பானையை வைத்துச் சொன்னேன், இரண்டு நிமிடம் போகவில்லை.

அப்படியென்றால் தமிழிலேயே செய்நிரல் எழுதினால் என்ன என்று கேட்பீர்கள். 'எழில்' என்று தமிழில் ஒரு நிரல்மொழி இருக்கத்தான் செய்கிறது. பைதனிலும் மாறிகளின் பெயரைத் தமிழில் வைக்கலாம். 'மொத்தம்' என்றே எழுதலாம், ஒழுங்காக ஓடும். நான் வகுப்பில் அதைச் செய்கிறேன், பிள்ளைகளின் முகம் மலர்வதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் பிழைச் செய்தி ஆங்கிலத்தில்தான் வரும். உதவி தேடிப் போகிற இடமெல்லாம் ஆங்கிலம்தான். அந்தக் கதவைப் பூட்டிவிட்டுத் தமிழை மட்டும் கையில் கொடுப்பது நியாயமில்லை என்பது என் அபிப்பிராயம். ஆங்கிலம் வந்த பிறகு வா என்று வாசலில் நிறுத்தி வைப்பது அதைவிட அநியாயம்.

இன்னொன்று. இந்தச் சொற்கள் எல்லாமே வெள்ளைக்காரனுடையவை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அல்கொரிதம் என்பது ஒரு மனிதரின் பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் பைத்துல் ஹிக்மாவில் இருந்த முஹம்மத் இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி. அவருடைய நூலை லத்தீனில் பெயர்த்தவர்கள் வாயில் அந்தப் பெயர் திரிந்து திரிந்து அல்கொரிதம் ஆனது. நாம் அட்சரகணிதம் என்கிற அல்ஜீப்ரா, அவரது இன்னொரு நூலின் தலைப்பில் இருக்கிற அல்-ஜப்ர். ஸீரோவும் நம் மத்ரஸாப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஸிஃப்ர் தான். பெருமை பேச இதைச் சொல்லவில்லை. பழைய பெருமை பேசியே காலத்தை ஓட்டுகிற நோய் நமக்கு ஏற்கெனவே போதியளவு இருக்கிறது. ஆனால் வகுப்பில் இதைச் சொன்ன அன்று, பின்வரிசையில் தூங்குகிற ஒருவன் எழும்பி, "அப்ப இது எங்கட சொல்லா டீச்சர்?" என்று கேட்டான். அன்றைக்கு அவன் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அவளை உட்கார வைத்து, ஏசுவதாக அவள் நினைத்த வரியைத் துண்டு துண்டாகப் பிரித்தோம். எக்ஸ்பெக்டட், எதிர்பார்த்தேன். ஃபவுண்ட், கண்டேன். "நான் ஒரு செமிகோலனை எதிர்பார்த்தேன், ஆனால் ரைட்எல்என் என்ற சொல்லைத்தான் கண்டேன்." ஃபேட்டல் என்றால் ஒருவரும் மவுத்தாகவில்லை, இதற்கு மேல் என்னால் போக முடியாது என்கிறது. அபோர்டட், வேலையை இடையில் கைவிட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இது ஏசல்ல. எங்க பிழையெண்டு சொல்லித் தருது" என்றாள். மேல் வரிக்குப் போய் செமிகோலனைப் போட்டாள். ஓடியது. இரண்டு எண்களின் கூட்டுத்தொகை, வேறொன்றுமில்லை. ஆனால் அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிறகுதான் வந்த காரணத்தைக் கேட்டாள். ரிசல்ட்ஸ் வந்தால் ஏ.எல்.லில் கலைப் பாடங்களோடு ஐ.சி.டி.யும் எடுக்கலாமா என்று. முன்பு நான் சொன்னதை அவள் நினைவூட்டவில்லை. நானாகத்தான் எடுத்தேன். "அண்டைக்கு உங்கள எடுக்க வேணாமெண்டு சொன்னது என்ட பிழை மகள்" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "இல்ல டீச்சர், எனக்கு இங்கிலீஷ் வராதுதானே" என்றாள். இரண்டு வருடத்துக்கு முன் நான் சொன்னதை அவள் அப்படியே நம்பி வைத்திருந்தாள். அந்த வார்த்தை இன்னும் எனக்குள் உறுத்துகிறது.

ஒரு புதுக் கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். சொல்லை ஒரு பக்கமும், வீட்டில் நாம் பேசுகிற தமிழில் அதன் கருத்தை மற்றப் பக்கமும் எழுதச் சொன்னேன். அகராதிக் கருத்து வேண்டாம், கொம்பியூட்டர் அந்தச் சொல்லை வைத்து என்ன வேலை செய்கிறது என்று எழுதினால் போதும் என்றேன். மஃரிபுக்கு பாங்கு சொல்ல, எழும்பிப் போனாள்.

இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷொட். புதுப் பிழை: "ஐடென்டிஃபையர் நொட் ஃபவுண்ட்." கீழே குரல்பதிவு: "டீச்சர், 'டோட்டல்' எண்டா ஆரு, எனக்கு நீ சொல்லவே இல்லையே எண்டு கேக்குது. மேல வார் போட்டு எழுதாம விட்டுட்டன். சரியா?"

சரி என்று பதில் போட்டேன்.