பூதிகோட்டையிலிருந்து அலிப்பூர் வரை

ஹைதர் அலி பிறந்த ஊராகிய நமது பூதிகோட்டையிலிருந்து கல்கத்தா செல்வோர், காளி கோயிலையும் ஹௌரா பாலத்தையும் கண்டு திரும்புவதே வழக்கம். ரயில்வே பாஸின் புண்ணியத்தால் பங்காருப்பேட்டையில் வண்டியேறி, சென்னை வழியாக அந்நகரம் சேர்ந்த நாமோ, அலிப்பூர் மிருகக்காட்சிசாலைக்கென்றே ஒரு முழுப் பகலை ஒதுக்கினோம்.

1876-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அச்சாலையில், 1889-இல் சுமத்ரா காண்டாமிருகம் ஒன்று கன்று ஈன்றது. இரு கொம்புகளும் மேனியெங்கும் உரோமமும் உடைய இவ்வினமே காண்டாமிருகங்களுள் சிறியது. அப்போது அங்குப் பொறுப்பிலிருந்தவர் ராம் பிரம்ம சன்யால் என்னும் வங்காளியர். மருத்துவப் படிப்பை இடையில் விட்டு, எளிய ஊழியராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக உயர்ந்தவர். விலங்குகளின் உணவு, நோய், ஈற்று யாவையும் பதிவேட்டில் குறித்து வந்து, 1892-இல் அவற்றின் பராமரிப்பைப் பற்றி நூலும் வெளியிட்டார். பேரேடே கதியென்றிருக்கும் நம்போன்ற குமாஸ்தாக்களுக்கு அவர்மீது தனிமதிப்பு உண்டாவதில் வியப்பென்ன?

ஆனால், அதன்பின் 112 ஆண்டுகள், அடைப்பிலேயே கருவுற்று இவ்வினம் கன்று ஈன்றதில்லை! 1984-க்குப் பின் சுமார் 40 விலங்குகளைக் காட்டிலிருந்து பிடித்து வளர்த்தும் பயனில்லை, பெரும்பாலானவை மாண்டன. ஆணையும் பெண்ணையும் தகாத நாளில் ஒன்றுசேர்த்தால் கடுஞ்சண்டைதான். தகுந்த நாளை அறிவதோ எளிதன்று. ஆணோடு கூடிய பின்னரே இப்பெண் விலங்கின் கருமுட்டை வெளிப்படும் என்பதை, அமெரிக்காவின் சின்சினாட்டி காட்சிசாலையார் ஒலியலைக் கருவிகொண்டு கண்டறிந்தனர். அங்கிருந்த எமி என்னும் பெண் விலங்கிற்கு ஐந்து முறை கரு கலைந்தது. ஆறாம் முறை கருவைக் காக்கும் இயக்குநீரை நாள்தோறும் உணவோடு கொடுத்து வந்தனர். பதினாறு மாத அளவு சுமந்து, 2001 செப்டம்பரில் அண்டாலஸ் என்னும் ஆண்கன்றை எமி ஈன்றது. நம் தங்கவயற் சுரங்கங்கள் மூடப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

2007-இல் அண்டாலஸ் தன் முன்னோர் மண்ணாகிய சுமத்ராவுக்கு விமானத்தில் சென்றது. 2012-இல் அங்குத் தந்தையுமாயிற்று. மலேசியாவில் எஞ்சியிருந்த கடைசி விலங்கோ 2019-இல் மாண்டது. இந்தோனேசியாவில் மிஞ்சியிருப்பவை ஐம்பதிற்கும் குறைவு என்பது அறிஞர் கணிப்பு. ஒரு முறைக்கு ஒரு கன்றே ஈன்று, அடுத்த ஈற்றுக்கு மூன்று நான்கு ஆண்டுகள் பொறுக்கும் விலங்கு அது.