மூன்று மணிக்கு எழும்புகிறவ

அம்மாவுக்கு நித்திரை வருகுதில்லை என்று முடிவு கட்டியது நான். அவ ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

சாட்டியில் எங்கள் வீட்டுக் குசினியில் விடியப்புறம் மூன்று மணிக்கே லைற் எரியும். வாளி கிணற்றுக்கட்டில் முட்டுற சத்தம், முற்றம் கூட்டுற சத்தம், பிறகு தேங்காய் திருவுற சத்தம். ஐயா களங்கட்டியில் மீன் பிடிக்கப் போன காலத்தில் அந்த நேரத்துக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துப் பழகின உடம்பு. நானோ கனடாவில் இருக்கிற அக்காவோடு பன்னிரண்டு மணி மட்டும் போனில் கதைத்துவிட்டுப் படுக்கிற ஆள். ஐந்தரைக்கு எழும்பி யாழ்ப்பாணத்துக்கு பஸ் பிடிக்கவேண்டும்.

"எணை, கொஞ்சம் படுங்கோவன்."

"நித்திரை முடிஞ்சுது மோனை."

அந்தப் பதிலை நான் காதில் வாங்கவே இல்லை.

ஒருநாள், தடிமனுக்கு வாங்கி வைத்த குளோர்பெனிரமின் குளிசையில் ஒன்றை இரவு கொடுத்தேன். காலை ஆறரை மட்டும் அம்மா அசையவில்லை. நானும் நிம்மதியாகக் குறட்டை விட்டேன். சின்ன மஞ்சள் குளிசை, பிள்ளைகளுக்கும் கொடுக்கிறதுதானே! அடுத்த நாளும் கொடுத்தேன். பிறகு அது வழக்கமாகிவிட்டது.

வாய் காயுது என்று செம்பு செம்பாகத் தண்ணி குடிக்கத் தொடங்கினா. திருவலையில் குந்தி, எதுக்கு இதிலை இருக்கிறன் என்று கேட்டா. என்னை மாமாவின் பேர் சொல்லிக் கூப்பிட்டா. "அம்மாவுக்கு அறளை பெயர்ந்திட்டுது" என்று அக்காவுக்குச் சொல்லி அழவைத்ததும் நான், 80 வயசில் இது வாறதுதானே என்று ஆறுதல் சொன்னதும் நான். தண்ணி தேடி ஓர் இரவு எழும்பிப்போய்க் கிணற்றடியில் விழுந்தா. வலது மணிக்கட்டு முறிந்தது.

கைக்குக் கட்டுப் போட்ட பிறகு மறதியைப் பற்றியும் சொன்னேன். டொக்டர் குளிசைகள் எல்லாவற்றையும் மேசையில் வைக்கச் சொன்னார். பிரஷர் குளிசைகளைத் தள்ளிவிட்டு, மஞ்சளை மட்டும் ஒரு விரலால் தன் பக்கம் இழுத்தார்.

"இது எதுக்கு?"

"நித்திரைக்கு."

"அம்மா எத்தினை மணிக்குப் படுப்பா?"

"ஏழரைக்கு."

"முந்தி எழும்பினது?"

"மூண்டு மணிக்கு."

அவர் ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனசுக்குள் எண்ணினேன். எட்டரை, ஒன்பதரை, பத்தரை... ஏழரை மணித்தியாலம். பிழை விட்டிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். ஏழரைதான். என்னுடைய கணக்கு ஐந்தரை.

வயசு போகப்போக ஆழ்ந்த நித்திரை குறையும், உடம்பின் மணிக்கூடு முன்னுக்கு நகரும். நேரத்தோடு கண் சொக்கி நேரத்தோடு விழிப்பது வருத்தமில்லை என்றார். ஞாபகத்துக்கு வேண்டிய அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தைத்தான் அந்தக் குளிசை மறிக்கிறதாம். முதிய உடம்பு அந்த மருந்தைக் கழிக்கவும் சுணங்கும். இரவுக் குளிசை பகலிலும் வேலை செய்யும்.

பிறகு தேடி வாசித்தேன். இந்த வகை மருந்துகளைக் கூடுதலாக, நீண்டகாலம் எடுத்தவர்களிடம் மறதிநோய் அதிகம் என்று, அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 3,434 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2015இல் சொல்லியிருக்கிறது. 2021இல் வெளிவந்த இன்னொன்று, ஏறத்தாழ 8,000 பிரித்தானிய அரச ஊழியர்களை 25 வருசம் கவனித்தது. 50, 60 வயதுகளில் ஆறு மணித்தியாலமோ அதற்குக் குறைவாகவோ நித்திரை கொண்டவர்களுக்கு, ஏழு மணித்தியாலக்காரரைவிட மறதிநோய் கூடுதலாக வந்திருக்கிறது. காரணம் அதுதான் என்று அவர்கள் அடித்துச் சொல்லவில்லை. எனக்கு 52 வயசு. வீட்டில் அறளைக்கு வரிசையில் நிற்கிறது யார் என்பதை அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

குளிசையை நிறுத்திச் சில கிழமைகளில் என் பேர் எனக்குத் திரும்பக் கிடைத்தது. மூன்று மணிச் சத்தங்களும் வந்துவிட்டன, தேங்காய் திருவுறதைத் தவிர. அந்தக் கை இனி முன்னைப்போல மடங்காது. பார்க்க வருகிறவர்களிடம் அம்மா சொல்லுவா:

"தம்பி பாவம். எவ்வளவு களைச்சு வந்தாலும், ராவிலை மறக்காமல் குளிசை தந்தவன்."