எடை மெஷினை நம்பாதீங்க

கும்பகோணத்தில் இருந்து சித்தப்பாவை வைத்தியத்துக்காக பெங்களூருக்குக் கூட்டி வந்து பதினெட்டு நாள் ஆகிறது. கல்லீரல் சுருக்கம். (மனுஷன் வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்ததில்லை. இருபது வருஷ சர்க்கரை, கல்லீரலில் கொழுப்பு. பார்க்க வருகிறவர்கள் வாயைத் திறக்கும் முன்னாடியே இதைச் சொல்லிவிடுகிறேன்.)

அட்மிட் ஆன அன்று எடை 63 கிலோ. பத்து நாள் கழித்தும் 63. சார்ட்டைப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. சித்தி மட்டும், "வயிறுதான்டா இருக்கு, ஆளைக் காணோம்" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். கைக்கடிகாரம் முழங்கை வரைக்கும் ஏறுகிறது, நெற்றிப்பொட்டு குழி விழுந்துவிட்டது.

சித்தி சொன்னதுதான் சரி. வயிற்றில் நீர் சேரச் சேர, சதை கரைந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு, நிலுவையில் மாற்றம் இல்லை. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கில் தப்பே இல்லை என்று அர்த்தமா என்ன? பி.காம் முதல் வருஷப் பாடம் சார் இது :-)

ஏதோ நம்ம ஊர் கதை என்று நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே நோயாளிகள் ஊட்டமில்லாமல் வற்றிப்போவதைப் பற்றி சார்லஸ் பட்டர்வொர்த் என்ற அமெரிக்க டாக்டர் 1974-லேயே எழுதிவிட்டார். 1994-ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில், அட்மிட் ஆன 500 பேரைச் சோதித்ததில் 200 பேருக்கு ஊட்டக்குறைவு. அந்த 200 பேரில் பாதிக்கும் குறைவானவர்களின் கேஸ் ஷீட்டில்தான் அதைப் பற்றி ஏதாவது எழுதியிருந்ததாம்.

குடல், கணையம், கல்லீரல் கெட்டவர்கள் பாடு இன்னும் மோசம். பசிக்காது, சாப்பிட்டதும் உடம்பில் ஒட்டாது. அதற்கு மேல் ஸ்கேன், எண்டோஸ்கோபி என்று வெறும் வயிற்றோடு காத்திருக்கணும். சித்தப்பாவுக்கு ஒரே ஸ்கேன் இரண்டு தடவை தள்ளிப்போய் இரண்டு பகல் பட்டினி. ராகி முத்தே தட்டு மூடினபடியே திரும்பிப் போனது.

சொந்தக்காரர்கள் பங்குக்குப் பத்தியம் வேறு. "பருப்பு, முட்டை கண்ணுல காட்டாதே, மூளைக்கு ஏறிடும்" என்றார் ஒரு பெரியவர். அவரையும் குறை சொல்ல முடியாது, ஒரு காலத்தில் டாக்டர்களே புரதத்தைக் குறைக்கத்தான் சொன்னார்கள். இப்போது அது மாறிவிட்டது. கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டுமாம்.

இதெல்லாம் டயட்டீஷியன் பெண் வந்து சொன்னது. வந்தது பதினோராம் நாள்! கையில் ஒரு கருவியைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், புஜத்தை அளந்தார். "நீரைக் கழிச்சா 52 கிலோ தேறும் சார்" என்றார். சித்தி எதுவும் பேசாமல் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ராத்திரி படுக்கும் முன் கட்டாயம் ஏதாவது சாப்பிடணுமாம். நல்ல கல்லீரல் ராத்திரிச் செலவுக்குச் சர்க்கரையைச் சேமித்து வைக்கும். சுருங்கின கல்லீரலில் அந்தக் கையிருப்பு கிடையாது. அதனால் ஒரு ராத்திரி வெறும் வயிற்றில் தூங்குவது, நாம் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பதற்குச் சமம். விடிவதற்குள் உடம்பு தன் சதையையே எடுத்துச் செலவழித்துவிடுகிறது.

இப்போது தினமும் பத்து மணிக்கு சத்துமாவுக் கஞ்சி, பால் ஊற்றி, உப்பில்லாமல். வாயில் வைக்க முடியவில்லை என்கிறார், ஆனாலும் குடித்துவிடுகிறார். அடுத்த வாரம் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் போல. கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் மாசம் ஒரு தடவை பார்க்கிற மாதிரி நல்ல டயட்டீஷியன் யாராவது தெரிந்தால் சொல்லுங்களேன்.